ஐந்து தந்தி பேஸ்: பிக்கப்பை எண்ணிப் பார்த்து வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிதாக ஐந்து தந்தி பேஸ் கிட்டார் வாங்குவோருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். மரம், எடை, உறை பற்றிச் சொன்னதெல்லாம் சரி. தந்தியின் அதிர்வை மின்னொலியாக மாற்றும், காந்தமும் கம்பிச் சுருளும் (காயில்) கொண்ட பிக்கப் பற்றிய மூன்று வரிகள்தாம் சரியில்லை. பிக்கப் கூடுதலாக இருந்தால் நல்லது, ‘ஆக்டிவ்’ (பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபையர் உள்ளது) என்று போட்டிருந்தால் பி தந்தி தெளிவாகக் கேட்கும், பிடிக்காவிட்டால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. இதை நம்பிக் கடைக்குப் போகிறவர் நல்ல பணம் கொடுத்து மழுங்கிய ஒலியை வாங்கி வருவார்.

ஐந்தாவதாகச் சேரும் தடித்த பி தந்தியிலிருந்தே தொடங்குகிறேன், ஐந்து தந்திப் பேஸில் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. திறந்த பி தந்தி 30.87 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. நான்கு தந்திப் பேஸின் அடித் தந்தியான ஈ, 41.2 ஹெர்ட்ஸ். மேடையில் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரும்பாலானவை 31 ஹெர்ட்ஸை உருப்படியாகத் தருவதே இல்லை. அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கான 62, 93, 123 ஹெர்ட்ஸ்தான் காதுக்கு வந்து சேர்கிறது. அடிச்சுரத்தை அவற்றிலிருந்து மூளை ஊகித்துக்கொள்கிறது. எனவே ‘அடி கனமாக வருகிறதா’ என்று பிக்கப்பைச் சோதிப்பது வீண். 60-லிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை அது எதை எவ்வளவு எடுக்கிறது, விரல் பட்ட முதல் கணத்தின் ‘டக்’ எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அதைத் தீர்மானிப்பது முதலில் பிக்கப் இருக்கும் இடம். அடுத்தது காயில் அமைப்பு. கம்பெனிப் பெயர் கடைசியில்தான் வரும்.

34 அங்குல ஸ்கேல், அதாவது 864 மில்லிமீட்டர் தந்தியை எடுத்துக்கொள்வோம். உடற்பக்கத்தில் தந்திகள் முடியும் பிரிட்ஜிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு பிக்கப், 9 செ.மீ. தள்ளி இன்னொன்று. ஃபெண்டர் கம்பெனி 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புகளும் ஏறத்தாழ இந்த இடங்களில்தான் இருக்கின்றன. திறந்த தந்தியில் அடிச்சுரத்தின் அதிகபட்ச வீச்சை 100 என்று வைத்தால், 15 செ.மீ.யில் 52-ம், 9 செ.மீ.யில் 32-ம் கிடைக்கும். வித்தியாசம் 4 டெசிபல் அளவு. இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் 89-க்கு எதிராக 61. நான்கு மடங்குக்குப் போனால் கதை திரும்புகிறது: பின்னால், பிரிட்ஜ் பக்கம் இருக்கும் பிக்கப்பில் 97, முன்னாலிருப்பதில் 82. ஐந்து மடங்கில் பின்னால் முழுசாகக் கிடைப்பது, முன்னால் 40-தான். 14.4 செ.மீ. என்பது தந்தி நீளத்தில் சரியாக ஆறில் ஒரு பங்கு. அங்கே ஆறாவது மடங்கின் கணு (தந்தி அசையாத புள்ளி) விழுவதால், சரியாக அங்கே வைத்த பிக்கப்புக்கு அந்த அதிர்வெண் கேட்கவே கேட்காது. காந்தத்தை மாற்றினாலும் கம்பிச் சுற்றை மாற்றினாலும் இதை மாற்ற முடியாது. ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பியில்) அழுத்தும்போது தந்தி குறுகிக் கணக்கு நகரும் என்பது உண்மைதான். ஆனால் ஐந்து தந்தி வாங்குகிறவர் பி தந்தியின் முதல் ஐந்து ஃபிரெட்டுகளுக்காகத்தான் வாங்குகிறார்.

இரண்டையும் முழு வால்யூமில் சேர்த்து வாசித்தால் நடு ஒலி குழிந்து போவதற்கும் இதே கணக்குதான் காரணம். ஏழாவது மடங்கில், பி தந்தியில் 216 ஹெர்ட்ஸில், இரண்டு பிக்கப்பும் எதிரெதிர்த் திசையில் ஏறக்குறைய சம அளவில் தருகின்றன. கூட்டினால் மிச்சம் சொற்பம். ஸ்லாப் (கட்டைவிரலால் தட்டியும் தந்தியைச் சுண்டியும் வாசிக்கும் முறை) வாசிப்பவருக்கு அந்தக் குழி வேண்டும். கீபோர்டும் தபேலாவும் சேர்ந்து நிரப்பும் மெல்லிசைக் கச்சேரியில் அதே குழிக்குள் பேஸ் காணாமல் போகும். 1980-களின் தமிழ்த் திரைப்பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். அவற்றை வாசிக்கிறவர் பிரிட்ஜ் பிக்கப்பை முழுசாகவும் நெக் (கழுத்துப் பக்க) பிக்கப்பைப் பாதியாகவும் வைத்தால்தான் டி, ஜி என்ற மெல்லிய தந்திகளின் நடை வெளியே வரும்.

இனி அகலம். கடைகளில் யாரும் சொல்லாத விஷயம் இது. தந்தியில் அலை ஓடும் வேகம், நீளத்தின் இரு மடங்கை அதிர்வெண்ணால் பெருக்கினால் கிடைக்கும். பி தந்தியில் அது விநாடிக்கு 53 மீட்டர், ஜி தந்தியில் 169 மீட்டர். ஹம்பக்கர் என்பது மின்சார இரைச்சலை அழிக்க இரண்டு காயில் வைத்த பிக்கப்; அதன் இரண்டு காயில்களும் 18 மி.மீ. இடைவெளியில் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்ளுங்கள். அலையின் பாதி நீளம் அந்த 18 மி.மீ.க்குச் சமமாகும் அதிர்வெண்ணில், ஒரு காயில் எடுப்பதை மற்றது அழித்துவிடும். ஜி தந்தியில் அது 4,700 ஹெர்ட்ஸ். அங்கே போனால் போகட்டும். பி தந்தியிலோ 1,480 ஹெர்ட்ஸிலேயே அது நடந்துவிடுகிறது. விரல் பட்ட ‘டக்’ இருக்கும் பகுதி அதுதான். ஒரே பிக்கப்பில் ஜி கணீரென்றும் பி போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலும் கேட்பதற்கு இது முக்கியக் காரணம். காயில்களைச் சீரிஸில் (தொடராக) பிணைத்தாலும் பாரலலில் (இணையாக) பிணைத்தாலும் இந்த அழிப்பு மாறாது. அகலமான ஹம்பக்கரை நெக் பக்கத்தில் மட்டும் வைத்து விற்கும் ஐந்து தந்திப் பேஸ்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அப்படியானால் ஒரே காயில் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் நல்லதா என்றால், நம் ஊரில் மின்சாரம் குறுக்கே வரும்; அது மின்சார இரைச்சலையும் சேர்த்து எடுக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் ஸ்தாயி 98. ஆக, மின்சார இரைச்சலும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் ஜி சுரத்தை ஒட்டியே, சற்றே ஏறின சுருதியில் நிற்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் இந்த உரசல் வேறு சுரத்தில் விழும். கல்யாண மண்டபத்தில் விளக்கு டிம்மர், சீரியல் எல்.இ.டி.களின் பவர் சப்ளை, எர்த் இல்லாத இரண்டு பின் ப்ளக் எல்லாம் சேர்ந்தால் பாட்டுக்கு நடுவே இரைச்சல் நன்றாகவே கேட்கும். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புகளிலும் கம்பிச் சுற்றும் காந்தமும் எதிரெதிராக இருப்பதால், இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்போது மட்டும் இரைச்சல் அழியும். ஒன்றைக் குறைத்த கணமே திரும்பி வரும். மேலே சொன்ன ‘ஒன்று முழுசு, ஒன்று பாதி’ நிலை சிங்கிள் காயிலில் இரைச்சலோடுதான் கிடைக்கும். மரத்தில் பிக்கப் உட்காரும் குழிக்குள் செப்புத் தகடு டேப் ஒட்டி எர்த் செய்வது மின்புல இரைச்சலைக் குறைக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புல இரைச்சலை அது தடுக்காது.

இரண்டு சிக்கலுக்கும் சேர்த்து விடை, பிளவு காயில். ஒரே உறைக்குள் பி, ஈ, ஏ தந்திகளுக்கு ஒரு காயில், டி, ஜி தந்திகளுக்கு எதிர்ச் சுற்றும் எதிர்க் காந்தமும் உள்ள இன்னொரு காயில். ஒவ்வொரு தந்தியையும் ஒரே ஒரு குறுகிய காயில்தான் கேட்கிறது, அதனால் 1,480 ஹெர்ட்ஸ் அழிப்பு இல்லை. இரண்டு காயிலும் சேர்ந்து இரைச்சலை அழிக்கின்றன. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு 1957-இல் செய்தது இதைத்தான். 1951-இல் வந்த முதல் பிரிசிஷனில் ஒற்றைக் காயில்தான் இருந்தது. ஒரே நேர்க்கோட்டில் வைத்த பிளவு காயிலில் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: காயில்கள் சந்திக்கும் இடத்துக்கு அருகிலிருக்கும் தந்தி, 3+2 அமைப்பில் ஏ அல்லது டி, சற்றே அடங்கிக் கேட்கலாம். கடையில் ஐந்து தந்திகளையும் ஒரே பலத்தில் தட்டி அந்த இரண்டையும் மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்டாக் வகையும் இரைச்சலை நீக்கும். கீழ்க் காயில் இசையிலும் கொஞ்சம் தின்றுவிடுவதால் எனக்கு அது இரண்டாம் பட்சம்.

கடையில் காணும் அமைப்புகளை இந்தக் கண்ணால் பார்த்தால் தேர்வு எளிது.

பிரிசிஷன் பிக்கப் ஒன்று மட்டும் உள்ள பேஸ் ஒரே குரல்தான் பேசும், ஆனால் அதை நன்றாகப் பேசும். வழக்கமான அமைப்பில் தடித்த தந்திகளுக்கான பாதி நெக் பக்கம் தள்ளி இருக்கும். நான்கு தந்தியில் அது அழகு. ஐந்து தந்தியில் பி குழைகிறது. இரண்டு பாதிகளையும் இடம் மாற்றி, பி பக்கத்தைப் பிரிட்ஜை நோக்கி வைத்த தலைகீழ் பிரிசிஷன் கிடைத்தால் அதை எடுங்கள்.

பிரிசிஷனும் ஜாஸும் சேர்ந்த அமைப்பில் அளவுச் சண்டை வரும். பிரிசிஷனின் மின்தடை பொதுவாக 10, 11 கிலோ ஓம், ஜாஸ் 7, 8. முன்னது உரக்கப் பேசும், பின்னது அமுங்கும். பிரிசிஷனைத் தாழ்த்தி ஜாஸை உயர்த்திச் சமன் செய்யலாம். பின்பக்க ஜாஸ் சிங்கிள் காயிலாக இருந்தால் அதைத் திறந்தவுடன் இரைச்சல் வரும் என்பதால் அங்கே பிளவு காயில் ஜாஸ் கேட்டு வாங்க வேண்டும்.

மியூசிக் மேன் பாணி ஒற்றைப் பெரிய ஹம்பக்கர் அந்தக் கம்பெனியின் 1976 ஸ்டிங்ரே பேஸில் வந்தது. 1987-இல் வந்த ஸ்டிங்ரே 5-இல் சீரிஸ், சிங்கிள் காயில், பாரலல் என்று மூன்று நிலைச் சுவிட்ச் வைத்தார்கள். அகல ஹம்பக்கராயிற்றே, பி மழுங்காதா என்று கேட்கலாம். அது பிரிட்ஜுக்கு அருகில் இருப்பதால் மேல் மடங்குகள் தாராளமாக வருகின்றன, கூடவே பேஸுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப் (சிறு ஆம்ப்ளிஃபையர்) மேல் ஒலியை ஏற்றித் தருகிறது. ராக், ஸ்லாப், கூட்டமான மேடை என்றால் குறையில்லை. மெதுவான பக்திப் பாடலுக்கு நெக் பக்கத்து மென்மை வேண்டுமென்றால் அதில் எங்கே தேடுவது? நெக் பக்கம் ஒரு பிளவு காயில் ஜாஸ் கூடுதலாக உள்ள வடிவம் அதைத் தீர்க்கும்.

மூன்று பிக்கப் பேஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரல் நுழைய இடமிருக்காது, மூன்று காந்தம் தந்தியை இழுக்கும். ஸ்லாப்பில் தந்தியைச் சுண்டி இழுக்க ஃபிங்கர்போர்டு முடிவுக்கும் முதல் பிக்கப்புக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி வேண்டும். 20 ஃபிரெட் பேஸில் ஃபிங்கர்போர்டு பிரிட்ஜிலிருந்து 272 மி.மீ.யில் முடிகிறது. 24 ஃபிரெட் என்றால் 216 மி.மீ.யிலேயே முடிந்து அந்த இடைவெளியில் 56 மி.மீ.யைத் தின்றுவிடும். 24 ஃபிரெட்டும் மூன்று பிக்கப்பும் ஒரே பேஸில் கேட்பவர் கட்டைவிரலை எங்கே வைப்பார் என்று யோசித்துவிட்டுக் கேட்கட்டும்.

எல்லா வேலைக்கும் ஒரே பேஸ் என்றால் என் பரிந்துரை: 15, 9 செ.மீ. அளவில் இரண்டு சோப்பார் பிக்கப், உள்ளே பிளவு காயில். சோப்பார் என்பது உறையின் வடிவம் மட்டுமே. உள்ளே சிங்கிள், பிளவு, அடுக்கு, இரட்டைக் காயில் எதுவும் இருக்கலாம், வெளியிலிருந்து தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘பின்னால் மாற்றிக்கொள்ளலாம்’ என்பதற்கு இங்கேதான் பதில். பிக்கப்பை மாற்றலாம், மரத்தில் வெட்டிய குழியை மாற்ற முடியாது. ஐந்து தந்திப் பேஸ்களில் அதிகம் காணும் சோப்பார் அளவு, இ.எம்.ஜி. கம்பெனியின் 40 எனப்படும் 102 மி.மீ. நீளம், 38 மி.மீ. அகலம். இதே அகலத்தில் 89 மி.மீ. நீளமுள்ளது 35, 114 மி.மீ. உள்ளது 45. செமோர் டங்கன், அகுய்லர், நார்ட்ஸ்ட்ராண்ட் போன்றோரும் இந்த 40 அளவுக்கு ஏற்ப வெவ்வேறு காயில் அமைப்புகளில் செய்கிறார்கள். குழி இந்த அளவில் இருந்தால் நாளைக்கு ஒலியை மாற்றத் திருப்புளியும் சால்டரிங் அயர்னும் போதும். சில கம்பெனிகள் தங்களுக்கென்றே வைத்திருக்கும் விசித்திர அளவில் இருந்தால் மரத்தைக் குடையும் ரூட்டர் வேலை, பெயின்ட் வேலை, கூடுதல் செலவு. வாங்கும் முன் பிக்கப்பின் நீள அகலத்தை மி.மீ.யில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

தந்தி இடைவெளியையும் பிரிட்ஜில் அளக்க வேண்டும். ஃபெண்டர் வழியில் 19 மி.மீ., ஸ்டிங்ரே 5-இல் 17.5, ஐபனீஸின் பல எஸ்.ஆர். மாடல்களில் 16.5. ஐந்து தந்திகளின் மொத்த அகலம் 19-இல் 76 மி.மீ., 16.5-இல் 66. குறுகிய பேஸுக்கான, தனித்தனித் தூண் காந்தம் உள்ள பிக்கப்பை 19 மி.மீ. பேஸில் போட்டால் பி, ஜி இரண்டும் காந்தத்துக்கு வெளியே நின்று பலம் குறையும். உள்ளே நீளமான பட்டைக் காந்தம் உள்ள வகையில் இந்தத் தொல்லை குறைவு.

ஆக்டிவ் விஷயத்தில் இரண்டு வேறு பொருள்களைக் குழப்புகிறார்கள். ஆக்டிவ் பிக்கப் என்றால் உறைக்குள்ளேயே சிறு ஆம்ப்ளிஃபையர் இருக்கும், இ.எம்.ஜி. அதற்குப் பெயர் பெற்றது. சாதாரணப் பிக்கப்போடு தனியாக ப்ரீஆம்ப் வைத்ததையும் கடையில் ஆக்டிவ் என்றுதான் விற்பார்கள். இரண்டுமே தந்தியில் இல்லாததைக் கொண்டுவராது. பி தந்தியின் இறுக்கம் 35 அங்குல ஸ்கேல், .130 அங்குலத் தடிமன் தந்தி, கழுத்தின் விறைப்பு, பிரிட்ஜில் தந்தி வளையும் கோணம் இவற்றிலிருந்து வருகிறது. ப்ளக் செருகாமல், கிட்டாரின் மேல் கொம்பில் காதை வைத்துப் பி தந்தியை வாசித்துப் பாருங்கள். அங்கே மங்கியிருந்தால் எந்த ப்ரீஆம்பும் காப்பாற்றாது. ‘பேஸ்’ (அடி ஒலி) குமிழை ஏற்றினால் வருவது அதிர்வுதான், சுரமல்ல. 9 வோல்ட் பேட்டரிக்கு அந்த ஏற்றம் தாங்காமல் பலமாகத் தட்டும்போது ஒலி உடையவும் செய்யும். ப்ரீஆம்பின் உண்மையான உபயோகம் வேறு. சாதாரணப் பிக்கப்பின் மேல் ஒலியை நீளமான கேபிள் குறைக்கும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றால் 6 மீட்டருக்கு 600. ப்ரீஆம்ப் அதைத் தடுக்கிறது. பேட்டரி தீர்ந்தாலும் வாசிக்கும்படி பாசிவ் சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது. ஜாக்கில் ப்ளக்கைச் செருகியே வைத்தால் பேட்டரி இரவெல்லாம் ஓடும் என்பதையும் கடைக்காரர் சொல்லமாட்டார்.

மாற்றும்போது தப்பு நேரும் இடங்கள் சில. சாதாரணப் பிக்கப்புக்கு 250 அல்லது 500 கிலோ ஓம் வால்யூம் பொட் (குமிழுக்கு அடியிலுள்ள மாறு மின்தடை), இ.எம்.ஜி. ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம். பழைய 25-ஐ விட்டுவைத்து சாதாரணப் பிக்கப்பை இணைத்தால் மேல் ஒலி செத்துவிடும். 250-இல் ஆக்டிவைப் போட்டால் குமிழ் கடைசித் திருப்பத்தில் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும். நான்கு கம்பி உள்ள ஹம்பக்கரைப் பாரலலில் பிணைத்தால் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல்) சீரிஸில் இருந்ததில் நான்கில் ஒரு பங்காகும், ஒலி உச்சம் இரு மடங்கு அதிர்வெண்ணுக்கு ஏறும், பலம் குறையும். பி தந்திக்குப் பாரலல்தான் பெரும்பாலும் பொருந்தும். இரண்டு பிக்கப்பையும் திறந்தவுடன் அடி ஒலி காணாமல் போய் மூக்கால் பேசினால், ஒன்று எதிர்க் கட்டத்தில் இருக்கிறது, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றது இறங்குகிறது. முள் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, காந்தத்தின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஒட்டி வெடுக்கென்று எடுங்கள். இரண்டு பிக்கப்பிலும் முள் ஒரே பக்கம் ஆட வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் இரு கம்பிகளையும் மாற்றிச் சால்டர் செய்யுங்கள், ஷீல்டு கம்பி தனியாக எர்த்தில் இருக்கும் பிக்கப் என்றால் மட்டும். பாசிவ் ஜாஸ் பேஸ் என்றால் திறக்காமலே சோதிக்கலாம். ப்ளக்கின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். ஒவ்வொரு பிக்கப்பும் தனியாக 7, 8 கிலோ ஓம் காட்டி, இரண்டும் திறந்தால் பாதியாக இறங்கினால் வயரிங் சரி.

உயரத்தைச் சரி செய்யாமல் பிக்கப்பைக் குறை சொல்லக் கூடாது. கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்தி, தந்தியின் அடிக்கும் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பி பக்கம் 2.8-லிருந்து 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கலாம். பி தந்தியில் 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேல் சுருதி தள்ளாடினால், ஒரு சுரம் இரண்டாகக் கேட்டால், காந்தம் தந்தியை இழுக்கிறது. அந்தப் பக்கத் திருகைக் கால் சுற்று தாழ்த்திப் பாருங்கள். பி பலமில்லை என்று காந்தத்தை மேலே மேலே ஏற்றுபவர்களுக்குத்தான் இது நேர்கிறது.

தாங்கள் அடுத்த முறை பேஸ் விலைப்பட்டியல் வெளியிடும்போது நிறத்தையும் பிக்கப் எண்ணிக்கையையும் போடும் இடத்தில், பிரிட்ஜில் தந்தி இடைவெளி, பிக்கப் உறையின் மி.மீ. அளவு, உள்ளே காயில் எப்படி, பாசிவ் சுவிட்ச் உண்டா இல்லையா என்ற நான்கு கட்டங்களைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரர்களிடம் முதல் மூன்றுக்கும் பதில் இருக்காது. கேட்கத் தொடங்கினால் அளந்து வைப்பார்கள்.

இப்படிக்கு,
கிட்டார் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் வாசகர்,
சென்னை